படிக்கட்டின் கீழே ஓர் ஆந்தூரியம்

பெயிண்டர் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட அதிகம் ஒதுங்கியவர் இல்லை. ஆனால் சுவரில் ஒரு மூலையைக் காட்டினால் போதும், அதே நிறத்தை வாளியில் கலக்கிக் காட்டிவிடுவார். பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் கம்ப்யூட்டர் அவரிடம் பிச்சை வாங்கவேண்டும். எடுபிடியாகத் தொடங்கி, சாரம் ஏறி, சொந்தமாக ஆள் வைத்து, மாடி வீடும் கட்டிவிட்டார். எவரிடமும் எதையும் கேட்டுச் செய்தவர் இல்லை. அதைச் சொல்லாமல் சாப்பாட்டிலிருந்து எழுந்தவரும் இல்லை.

அந்த வீட்டுக்கு மருமகள் வந்தபோது ஒரு பெட்டியும் ஓர் ஆந்தூரியத் தொட்டியும் கூட வந்தன. அவள் அம்மா வளர்த்த செடியிலிருந்து பிரித்தது; அம்மா இப்போது இல்லை. மாடிப்படிக்குக் கீழே, வெயில் எட்டாமல் வெளிச்சம் மட்டும் எட்டிப்பார்க்கும் இடத்தில் அதை வைத்திருந்தாள். ஓய்வு கிடைத்தால் ஈரத்துணியும் கையுமாக உட்கார்ந்து இலை இலையாகத் துடைப்பாள். எனாமல் அடித்ததுபோலச் சிவப்பாய்ப் பளபளக்கும் பூ.

அவள் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று தகவல் வந்தது. கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, செடியைக் கொஞ்சம் பாத்துக்குங்க. மண்ணைத் தொட்டுப் பாத்துட்டுத் தண்ணி ஊத்தினா போதும். எடத்தை மட்டும் மாத்தாதீங்க."

"நீ போயிட்டு வாம்மா. இவ்வளவு பெரிய வீட்டையே கட்டி மேய்க்கிறேன், ஒரு தொட்டி என்னைய என்ன பண்ணிடும்?"

அவள் ஏறிய வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தொட்டி மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது.

"மாத்தாதீங்கன்னுதானே சொல்லிட்டுப் போனா?" என்றாள் பெயிண்டரின் மனைவி.

"இருட்டுல கெடந்தா எது உருப்படும்? நான் வெயில்ல நின்னு ஆளானவன்."

"ஆமா, நல்லாக் கருத்துதான் போனீங்க."

மாடி வெயிலில் செடி பூக்கவில்லை. இலைகள் முதலில் வெளுத்தன. பிறகு பழைய காகிதம்போலப் பழுப்பேறின. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். செடி மசியவில்லை. அப்பா தேறிவிட்டார், கிளம்பிவிட்டேன் என்று போன் செய்த மருமகள், "செடி எப்படி இருக்கு மாமா?" என்றாள். "ராஜா மாதிரி இருக்கும்மா!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன வாயைக் காப்பாற்ற வேண்டாமா? தொட்டியைப் பழைய இடத்துக்கே இறக்கினார். எண்ணெய்ப் பெயிண்ட் செடிக்கு ஆகாது என்கிற அளவு விவரம் அவருக்கு உண்டு. தண்ணீரில் கரைத்துச் சுவருக்கு அடிக்கும் பச்சையில் துளி மஞ்சளும் துளி கறுப்பும் சேர்த்து, கருகிய இடங்களில் மெல்லிசாகப் பூசினார். இலை நரம்பைக்கூட வெளிர்பச்சையில் இழுத்தார். இது வேறு எவனுக்கு வரும் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

மருமகள் வந்தாள். பையை இறக்கியதும் செடியைப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது.

"அங்க ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கறப்ப, இதையாவது மாமா பாத்துக்குவாருன்னு தைரியமா இருந்தேன்."

சொல்லிவிடலாம் என்று பெயிண்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஈரத்துணியோடு உட்கார்ந்துவிட்டாள்.

ஓர் இலையைத் துடைத்தாள். துணி பச்சையானது, இலை பழுப்பானது.

அவள் திட்டியிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்கும். குரலை உயர்த்தியே பிழைத்தவர். அவள் திட்டவில்லை. அடுத்த இலையையும் பொறுமையாகத் துடைத்தாள்.

"நரம்பெல்லாம்கூடப் போட்டிருக்கீங்க மாமா," என்றாள் மெதுவாக.

அவர் வேலையை எத்தனையோ பேர் மெச்சியிருக்கிறார்கள். உடம்பு இப்படிக் கூசியதில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்துவந்து மருமகள் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தாம்மா மாடியில வெச்சேன். நீ வேண்டாம்னு சொல்லியும் வெச்சேன். போன்லயும் பொய் சொன்னேன்."

அவள் மண்ணை விலக்கி வேரை அழுத்திப் பார்த்தாள். "வேர் கெட்டியாத்தான் இருக்கு. வந்தா வரும்." கருகிய இலைகளை நறுக்கி எடுத்தாள். குட்டையாக ஒரு தண்டு மட்டும் மிஞ்சியது.

பெயிண்டரின் நகக்கண்ணில் அந்தப் பச்சை இன்னும் ஒட்டியிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இப்ப எவ்வளவு தண்ணி ஊத்தணும்மா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு வேண்டாம் மாமா," என்றாள், நிமிராமலே.

"நாளைக்கு?"

"நாளைக்கு மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு என்னைக் கேளுங்க."

அவர் தலையை ஆட்டினார்.