மோர்டன் விலை, ஹாக்னி விலை

எனக்குப் பியர் என்றாலே குமட்டும். குடித்துக் குமட்டவில்லை, சுமந்தே குமட்டுகிறது. லண்டனில் பாலேந்திரா அண்ணையின் மூன்று கடைகளுக்கும் வான் ஓட்டுவது என் வேலை. மோர்டனில் ஒன்று, வெம்பிளியில் ஒன்று, ஹாக்னியில் ஒன்று. மூன்றுக்கும் சரக்கு ஒரே ஸ்டோரில்தான் இறங்கும். பெட்டியை உடைத்து மூன்றாகப் பிரித்துக் கொண்டுபோய் அடுக்குகிறவன் நான். அதே டின், அதே படம், அதே நாள் காய்ச்சியது. மோர்டனில் மூன்று பவுண் இருபது. வெம்பிளியில் நான்கு. ஹாக்னியில் ஆறு நாற்பது.

"அங்க வாடகை கூட, குகன்" என்பார் அண்ணை. வாடகை கூடத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு. ஹாக்னியில் மூன்று இருபது என்று எழுதி வைத்தால் வாங்குகிறவனுக்கே சந்தேகம் வந்துவிடும். இரண்டு மடங்கு கேட்டால்தான் அவன் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலையை ஆட்டி, காசைக் கொடுப்பான். இதற்குப் பெயர் வியாபாரமாம்.

வாயும் இடத்துக்கு இடம் வேறுதான். மோர்டனில் லாகர் என்கிற சாதாரணப் பியர் போதும். வெம்பிளியில் மட்ச் நாளென்றால் நாலு டின் கட்டு, என்ன பெயர் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ஹாக்னியில் ரயில் பாலத்து வளைவுகளுக்குள்ளே ஆளுக்கொரு அண்டா வைத்துக் காய்ச்சுகிறார்கள். சோறு வடித்த கஞ்சி போலக் கலங்கலாக ஒன்று, அதை ஹேஸி என்பார்கள். உப்பும் கொத்தமல்லியும் மாம்பழமும் போட்டுப் புளிக்கப் புளிக்க இன்னொன்று, அது சவர். லீட்ஸில் கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் சொன்னேன். அவன் சிரியோ சிரியென்று சிரித்தான். அவனுடைய தெருவில் கசப்புப் பியரும் கறுத்த பியரும் தவிர வேறெதை வைத்தாலும் தூசிதான் பிடிக்குமாம், விலையும் மோர்டனை விடக் குறைவாம்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் நகுலேஸ்வரி அக்கா அகப்பட்டார். மோர்டன் கடையில் கல்லாவில் நின்றவர். வயது ஐம்பத்தேழு. ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு, மகன் கௌசிகன் இங்கிலிஷில் படிக்க வேண்டுமென்று லண்டனுக்கு இடம் பெயர்ந்த குடும்பம். வந்த இரண்டாம் வருடமே கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடமாட்டார். பள்ளிக்கூடப் பொடியன் கள்ள அடையாள அட்டையை நீட்டினால், திட்டாமல் தாயின் போன் நம்பரைக் கேட்பார். அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருவிலேயே வரமாட்டான்.

ஜெர்மனியில் என்ன வேலை என்று யார் கேட்டாலும் "சோடாக் கொம்பனி" என்பார். நானும் நம்பியிருந்தேன். ஒருநாள் அக்காவை வீட்டில் விடப் போகும்போது வானுக்குள் ஒரு பியர் டின் நசுங்கி ஒழுகியது. முன் சீற்றில் இருந்தபடியே மூக்கைச் சுளித்து, "இது கன நாள் வெக்கையில நிண்டிருக்கு. மட்டைப் பெட்டி நனைஞ்ச மணம்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டார்.

ஜெர்மனியில் டுசில்டோர்ஃப் நகரத்தில் ஒரு சின்ன பியர்க் கொம்பனிக்குத் துப்புரவு வேலைக்குப் போனவர். அவருடைய மூக்கை அங்கே காய்ச்சுகிற தலைமைக்காரன் கண்டுபிடித்துவிட்டான். பிறகு ஒன்பது வருடம், காலை பத்து மணிக்கு ஒவ்வொரு பியர்த் தாங்கியிலிருந்தும் ஒரு மிடறு. வாயில் வைத்து, துப்பி, எழுதிக் கொடுக்க வேண்டும்.

"விழுங்கினதே இல்லை, தம்பி" என்றார். "ஆனா அதை ஆர் நம்புவினம்? அங்க ஒரு ஊரில மண்ணிறப் பியர், அரை மணித்தியாலம் ட்ரெயினில போனா மற்ற ஊரில வெள்ளைப் பியர். மற்ற ஊர்ப் பேரைச் சொன்னாலே முகத்தைச் சுளிப்பாங்கள். அது ஒரு ரோசம். ஆனா விலை இப்பிடிக் கிடையாது. டொக்டரும் ரோட்டுப் போடுறவனும் ஒரே காசைத்தான் வைப்பினம்."

ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டார். காரணம் எனக்குத் தெரியும். பாலேந்திரா அண்ணையின் தங்கை சுவர்ணா வெம்பிளியில் இருக்கிறார். அவருடைய மகள் விதுஷாவைக் கௌசிகனுக்குப் பேசி முற்றாகியிருந்தது. மூன்று கிழமையில் நிச்சயதார்த்தம். பொடியனின் தாய் ஒன்பது வருடம் பியர் வாயில் வைத்தவர் என்று வெம்பிளியில் ஒரு காதுக்குப் போனாலும் அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. கௌசிகன் வெள்ளிக்கிழமை தோறும் ஒஃபிஸ்காரரோடு நாலு பைண்ட் பியர் குடிப்பது எல்லாருக்கும் தெரியும். அது பாதகமில்லையாம், அது சோஷலாம். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அண்ணைக்கு வருவோம். அவர் பியர் குடிப்பதில்லை. கழுநீர் என்பார், விஸ்கிதான் குடிப்பார். ஆனால் சரக்கு நல்லதோ பழுதோ என்று பார்க்க அவரிடம் ஒரேயொரு கணக்கு இருந்தது, ஊரில் கள்ளைப் பார்த்த கணக்கு. இனித்தால் நல்லது, புளித்தால் பழுது. போன மாசி மாதம் ஸ்டோரில் இரண்டு விதச் சரக்கு கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு டின்னை உடைத்து நுனி நாக்கில் வைத்தார். புதிதாக வந்த சவர் டின்னைத் துப்பிவிட்டு, "ஐயோ, புளிச்சுப் போச்சு. மோர்டனில கூடையில போட்டு ஒரு பவுணுக்குத் தள்ளு" என்றார். ஹீற்றருக்குப் பக்கத்தில் ஐந்து மாதம் கிடந்து திகதியும் கடந்த ஹேஸி டின் தேன் போல இனித்தது. "இது சோக்கா இருக்கு. ஹாக்னிக்கு ஏத்து."

டின்னின் அடியில் திகதி அடித்திருக்கும். அதை நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணியால் துடைக்கச் சொன்னார். துடைத்தவன் நான்தான். பன்னிரண்டு பெட்டி. வேறு யாரையும் குறை சொல்லி நான் தப்ப முடியாது. அன்றைக்குக் கையில் பிடித்த அந்த மணம் சோறு சாப்பிடும்போதும் போகவில்லை, என்னையே எனக்கு அருவருத்தது.

நகுலேஸ் அக்கா மோர்டன் கூடையைக் கண்டார். ஒரு பவுண் சவர் டின்னை உடைத்து மணந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது பழுதில்லை. இதுதான் நல்லது" என்றார் மெதுவாக. "அண்ணையிட்டைச் சொல்லுங்கோவன்" என்றேன். "எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஹாக்னி கடைப் பொடியன் லீவு. அக்காவை அங்கே நிற்கச் சொன்னார் அண்ணை. மத்தியானம் அண்ணையோடு சுவர்ணாவும் வந்து சேர்ந்தார். வேலை முடிந்ததும் இரண்டு பெண்களையும் கூறைச் சேலை பார்க்க டூட்டிங்குக்கு வானில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. சுவர்ணா கல்லாவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்து, போனில் சேலை நிறங்களை அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சம்பந்திகள் இரண்டு பேரும் அன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருந்தார்கள்.

மூன்று மணிபோல ஒரு நெட்டையான வெள்ளைக்காரன் வந்தான். கையில் இரண்டு ஹேஸி டின், ஒன்று உடைத்தது. கத்தவில்லை. டின்னைக் கவிழ்த்து அடியைக் காட்டினான். திகதி இருந்த இடத்தில் நீல மை இழுபட்டுக் கிடந்தது. தான் பியரைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதுகிறவன் என்றும், திங்கட்கிழமை கடைகளைச் சோதிக்கிற கவுன்சிலுக்கு அறிவிக்கப் போவதாகவும் சொன்னான்.

அண்ணை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அக்காவைக் கையால் காட்டினார். "சரக்குப் பார்க்கிறது இவதான். இவ தெரியாமல் செய்திருப்பா" என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டு, தமிழில், "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சொறி எண்டு சொல்லி முடியுங்கோ. சொந்தக்காரர் ஆகப்போறம்" என்றார்.

நான் பெட்டியோடு வாசலில் நின்றேன். துடைத்தது நான் என்று சொல்லியிருக்கலாம்.

வெள்ளைக்காரன் பிளாஸ்டிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி அக்காவின் முன்னால் வைத்தான். "நீங்கள்தான் பார்க்கிறவர் என்றால் குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள், இது சரியான பியரா?"

"அவ குடிக்கமாட்டா" என்று அண்ணை பாய்ந்தார். "எங்கள் கலாசாரத்தில் பெண்கள் இதைத் தொடுவதில்லை." மூன்று கடையிலும் பியர் விற்று வீடு வாங்கிய மனிசன், கலாசாரத்தை எடுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்.

அக்கா கோப்பையைப் பார்த்தார். பிறகு சுவர்ணாவைப் பார்த்தார். சுவர்ணாவின் போனில் இன்னும் அரக்கு நிறச் சேலை தெரிந்துகொண்டிருந்தது. சொறி என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்திருக்கும், கள்ளி என்ற பெயர் மட்டும் அக்காவுக்கு மிஞ்சியிருக்கும். கோப்பையை எடுத்தார். மூக்குக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் சுழற்றினார். ஒரு மிடறு எடுத்து, கண்ணை மூடி, வாய்க்குள் அங்கும் இங்கும் உருட்டி, குப்பைத் தொட்டிக்குப் போய்த் துப்பினார். ஒன்பது வருடப் பழக்கம் அந்தக் கையில் தெரிந்தது.

"ஐந்து மாதம்" என்றார் இங்கிலிஷில். "வெக்கையில் வைத்திருக்கிறார்கள். நல்லவன் காய்ச்சிய பியர், இங்கேதான் கெடுத்தார்கள். நான் சரக்குப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் இது வாசலைத் தாண்டியிராது."

சுவர்ணா எழுந்தார். "அண்ணா, நான் பஸ்ஸில போறன்" என்றார். அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை. அன்றைக்கு டூட்டிங் பயணம் நடக்கவில்லை.

இரவே சம்பந்தம் முறிந்தது. குடிகாரி வீட்டில் பெண் கொடுக்க ஏலாதாம். கௌசிகன் தாயிடம், "ஒரு சொறி சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றானாம். அதை எனக்குச் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் உடைந்தது, மற்றதற்கெல்லாம் உடையவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்று அண்ணை மெசேஜ் போட்டார். அன்றைக்குத்தான் நான் அக்காவின் வீட்டுக்குப் போய், துடைத்தது நான் என்று சொன்னேன். "தெரியும், தம்பி. உன்ர கையில மணந்தது" என்றார். ஏச்சு வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அந்த நெட்டையன் கவுன்சிலுக்குப் போகவில்லை, இன்டர்நெட்டில் எழுதினான். கடையைத் திட்டி நாலு வரி, ஆன்டி என்று அக்காவைப் புகழ்ந்து நாற்பது வரி. அடுத்த சனிக்கிழமை ஹாக்னி கடையில் தாடிக்காரரும் சைக்கிள்காரரும் கூடிவிட்டார்கள். ஆன்டி எங்கே, ஆன்டி எதை வாங்கச் சொல்கிறா என்று கேள்வி. அண்ணை பழைய சரக்கை அள்ளி எறிந்தார். மோர்டன் கூடையிலிருந்த சவர் டின்களை என்னைக் கொண்டு திருப்பி எடுப்பித்தார். ஸ்டிக்கர் அடித்தார். தேர்த் திருவிழாவில் பட்டுச் சேலையோடு அக்கா நிற்கிற படம், கீழே இங்கிலிஷில்: ஆன்டி நகுல்ஸ் ருசித்துத் தெரிவு செய்தது. ஒரு பவுண் டின்னுக்கு விலை ஏழு தொண்ணூறு.

வெம்பிளியில் வாயில் வைத்தபடியால் குடிகாரி. ஹாக்னியில் அதே வாய்க்கு ஏழு தொண்ணூறு. நான் வானில் ஏற்றி இறக்கிய அருவருப்புகளில் இதைவிடப் பெரியது இல்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். காட்டு என்றார். வானில் ஏற்றிக்கொண்டு போனேன். தட்டு முழுக்கத் தன் முகம் இருப்பதை நின்று பார்த்தார். அண்ணை பல்லைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்கோ அக்கா, நானே வர இருந்தனான். கிழமையில மூண்டு நாள் இஞ்ச நில்லுங்கோ. மணித்தியாலத்துக்கு ரெண்டு பவுண் கூடத் தாறன். சனம் உங்களைத்தான் கேக்குது."

அக்கா ஒரு டின்னை எடுத்து அவருடைய கையில் வைத்தார். இவ்வளவு வருடமும் நீங்கள் என்று மரியாதையாகப் பேசியவர்.

"வெம்பிளிக் கடையிலயும் இதே படத்தை ஒட்டு. உன்ர தங்கச்சி வந்து போற வாசலில ஒட்டு. ஒட்டின அண்டைக்கு வாறன்."

அண்ணையின் கண் வாசல் பக்கம் போனது, தமிழ் ஆட்கள் யாரும் நிற்கிறார்களா என்று பார்க்க. பிறகு டின்னைத் தட்டில் வைத்தார். அது நடந்து எட்டு மாதம். அக்கா இப்போது குரொய்டனில் ஒரு சாலட் பக்டரியில் நைட் ஷிப்ட் செய்கிறார். வெம்பிளிக் கடைக்கு நேற்றும் சரக்குக் கொண்டுபோனேன், படம் ஒட்டவில்லை.