நினைவஞ்சலித் தட்டியில் ஒரு பச்சை இலை

பிளக்ஸ் கடைக்காரர் அழைத்தபோது நான் பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், சாருக்க முதலாண்டு நினைவுத் தட்டி ரெடி. அடிக்கதுக்கு முன்னால வாசிக்கேன், கேளுங்க."

எங்கள் கடற்கரையில் இறந்தவருக்கான தட்டியை வீட்டில் மூத்தவருக்கு வாசித்துக்காட்டாமல் அச்சிடமாட்டார்கள். ஒரு உறவின் பெயர் விட்டுப்போனாலும் சண்டை வரும். தட்டிக்குச் சொல்லிவிட்டு வந்த என் மகனுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

என் கணவரின் படம், இறந்த தேதி. அதற்குக் கீழே: 'வலியில் துடித்துச் செத்தார். கஞ்சாவுக்குச் சட்டத்தில் இடமிருந்தால் துடித்திருக்க மாட்டார். தடையை நீக்கு.' வாசித்து முடித்ததும் கடைக்காரரின் குரல் தாழ்ந்தது.

"சிலுவை வைக்க எடத்துல ஒரு பச்சை எலை வைக்கச் சொன்னானுவ. அதே மாதிரி பத்து தட்டி. வைக்கட்டா டீச்சர்?"

"ஒண்ணும் அடிக்காண்டாம். நான் சொல்லுகேன்" என்றேன்.

இரண்டு வாரமாக மகனின் கல்லூரி நண்பர்கள் இருவர் மாலையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஏதோ புராஜெக்ட் என்று நினைத்தேன். தேநீரும் ஏத்தன் வாழைக்காய் வற்றலும் கொண்டுபோய் வைத்தேன். அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முன்னறைப் பேச்சு கேட்டது.

"இந்தப் படம் வேண்டாம் மக்கா. ஆளு கல்யாண மாப்பிள்ள கணக்கா இருக்காரு. இதப் பாத்து எவனுக்குப் பாவம் தோணும்?"

"ஆஸ்பத்திரில எடுத்தது இருக்குலே. எலும்பு தெரியும்." இது என் மகன்.

"அப்போ அத மாத்திருவோம். பேரணின்னு கேட்டா அனுமதி தருவானுவளா? சாவுத் தட்டிய எவனும் கிழிக்க மாட்டான், போலீசும் தொடாது. பத்து ஜங்ஷன்ல வச்சா போதும், மாவட்டமே பேசும்."

"அஞ்சலிக்கு வாறவன் பூவுக்குப் பதிலா எலையக் கொண்டு வந்திரப் போறான்லே!"

மூவரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான்.

ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல அவர் முகத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் நண்பர்கள் இருவரும் பையை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். தட்டில் பாதி வற்றல் மிச்சம் இருந்தது. அதைக் குப்பையில் கொட்டினேன்.

"அப்பா கேட்டாரும்மா," என்றான் மகன். "நீ குடுக்கல."

கேட்டது உண்மை. புற்றுநோய் முற்றிய கடைசி மாதம் வலி மாத்திரைகள் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கடியப்பட்டணத்திலிருந்து பார்க்க வந்த அவருடைய படகுக்கார நண்பர் ஒரு காகிதப் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். "ஒரு தடவ இழுத்துப் பாக்கட்டா ஏட்டி" என்று கணவர் என்னிடம் கெஞ்சினார். அந்த வருடம்தான் என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் அதே மாதிரிப் பொட்டலத்தோடு பிடிபட்டிருந்தார்கள். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்று நான்தான் புத்தி சொன்னேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தை அடுப்பில் போட்டேன். அடுக்களை வாசலில் மகன் நின்றது தெரியும்.

"கேட்டது அவருக்க வலி," என்றேன். "அத எடுத்து ரோட்டுல கட்டித் தொங்கவிட உனக்கு ஆருலே சொன்னது?"

"எல்லாரும் மறைச்சு வச்சா சட்டம் எப்படிம்மா மாறும்?"

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்; திரையில் அந்த ஆஸ்பத்திரிப் படம் இருந்தது.

"எலும்பு தெரியும்னு சொல்லிட்டுச் சிரிச்சியே மக்களே."

அவன் கம்ப்யூட்டரை மூடினான். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவைத்தால் நான் அறைக்குள் போன பிறகு சாப்பிட்டான்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு தட்டி அடிக்கச் சொன்னேன். உடம்பு நன்றாக இருந்த காலத்துப் படம், சிலுவை, கீழே 'வருத்தத்துடன் மனைவி, மகன்'. வேறு ஒரு வரியும் வேண்டாம்.

ஆண்டுத் திருப்பலி முடிந்து கோவிலுக்கு வெளியே வந்தபோது தட்டி ஜங்ஷனில் நின்றது. கூட வந்தவர்கள் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். 'மனைவி' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சொல் அளவுக்கு வெறும் வெள்ளை.

கடைக்காரரை அழைத்தேன். "ஒங்க பையன் வந்து 'மகன்'ங்கத எடுக்கச் சொன்னான். நீங்க சொன்னதாத்தான் சொன்னான்."

"எனக்கு வாசிச்சுக் காட்டாம எப்படி அடிச்சீங்க?"

"அவனும் வீட்டாளுதான டீச்சர்."

அந்த வெள்ளையோடு தட்டி மழைக்காலம் வரை அங்கேயே இருந்தது. தினமும் பஸ்ஸுக்கு அதைத் தாண்டித்தான் போனேன். அன்று முன்னறையில் அந்தப் பையன்கள் சொன்னது சரிதான். யாரும் கிழிக்கவில்லை.