இருபத்தெட்டு டிபன் டப்பாவும் ஒரு சேஃப்டி வால்வும்

பதினோரு மணி ஆனால் போதும். கருவாட்டுக் குழம்பு, எலுமிச்சை சாதம், யாரோ ஒருத்தரின் முட்டைப் பொரியல்... எல்லாம் கலந்து ஒரு வாசனை பாய்லர் ரூமின் பின்சுவர் ஓரமாகக் கிளம்பும். எனக்கு அப்போதே பசிக்க ஆரம்பித்துவிடும்.

கும்மிடிப்பூண்டியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி அது. டிப்ளமோ முடித்த கையோடு மெயின்டனன்ஸில் கிடைத்த முதல் வேலை. கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனுக்கே ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவேன். அவ்வளவு திமிர்.

பாய்லர் ரூமில் என்ன சமையல் என்கிறீர்களா? சொல்கிறேன்.

பாய்லரில் சேஃப்டி வால்வு என்று ஒன்று உண்டு. உள்ளே பிரஷர் அளவுக்கு மேல் ஏறினால் தானாகத் திறந்து ஸ்டீமை வெளியே தள்ளும். பாய்லர் வெடிக்காமல் காப்பாற்றுவது அதுதான். எங்கள் வால்வு தேய்ந்துபோய், எந்நேரமும் லேசாக ஆவி கசிந்துகொண்டிருக்கும். அந்த ஆவி போகும் பைப்பைக் கூரைக்கு மேலே கொண்டுபோயிருக்க வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் சுவரைத் துளைத்து, இடுப்பு உயரத்திலேயே வேலையை முடித்துவிட்டான்.

பைப் வாய்க்கு எதிரே ஒரு தகரத் தட்டு. அதில் இருபத்தெட்டு டிபன் டப்பா!

அடுக்குவது பேக்கிங் செக்‌ஷன் ஸ்டெல்லா அக்கா. எவர்சில்வர் முன்னால், பிளாஸ்டிக் பின்னால். "டப்பா உருகிப் பூட்ச்சின்னு என்னாண்ட வந்து அழக் கூடாது, ஆமா" என்று தினமும் ஒரு எச்சரிக்கை வேறு.

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியும். அந்த வால்வு என்றைக்காவது முழுசாகத் திறக்கும், திறந்தால் பைப் முன்னால் குனிந்திருப்பவர் முகம் வெந்துபோகும் என்று சேர்ந்த முதல் வாரமே தெரியும். சொல்லலாம் என்று போன அன்றுதான் அக்கா என் டப்பாவையும் வாங்கி மூன்றாவதாக வைத்தார். மதியம் திறந்தால் சாம்பார் சாதம் அப்போதுதான் இறக்கியது போல இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அந்த நாளை வர மூன்று மாதம் ஆனது...

ஒருநாள் மெஷினில் பேப்பர் சிக்கி லைன் நின்றது. அட்டையைச் சூடாக்கி ஒட்டும் ஸ்டீமுக்கு வேலை இல்லை. விறகு பாய்லர், தீ சட்டென்று அடங்காது. பிரஷர் ஏறிக்கொண்டே போனது. அக்கா எல்லா டப்பாவையும் அடுக்கிவிட்டு, அன்று நான் கொடுக்க மறந்திருந்த டப்பா எங்கே என்று கேட்க என் மேஜைக்கு வந்திருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் தகரத் தட்டே இல்லை. டப்பாக்கள் சைக்கிள் ஷெட் வரைக்கும் சிதறிக் கிடந்தன. எதிர்ச்சுவர் முழுக்கச் சோறு. அக்கா குனிந்து அடுக்கும் இடத்தில் நிற்கவே முடியாதபடி ஆவி கொதித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா சுவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"உனுக்கு இது முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிக்கினேவா என் கையில டப்பாவக் குடுத்துக்கினு இருந்த?"

அழுதுவிட்டேன். அக்கா திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. "அழுது இன்னா ஆவப் போவுது? வா, மேனேஜராண்ட போய் சொல்லு. நானும் வரேன்" என்றார்.

அடுத்த வாரமே புது வால்வு வந்தது. டெஸ்ட் சர்டிபிகேட்டையும், யாரும் திருகை மாற்றாதபடி வைத்த ஈய முத்திரையையும் நான் மூன்று தடவை பார்த்தேன். பாய்லரைக் குளிரவிட்டு, பிரஷர் பூஜ்யம் என்று உறுதியான பிறகுதான் பழசைக் கழற்றினோம். புதுசை நேர் நிமிர்த்தி மாட்டி, பைப்பைக் கூரைக்கு மேலே ஏற்றினோம். பைப்பின் பாரம் வால்வின் மேல் விழாமல் சுவரில் தனியாகப் பிடிமானம் கொடுத்தோம். தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் ஒரு வடிகால்.

கழற்றிய வால்வை ஸ்டோர்கீப்பர் பலராமன் சார் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

"முழுசா இருந்தா யார்னா வாங்கிக்கினு போவான்மா. புதுசு கணக்கா மின்னுது பாரு."

பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா அக்கா விடவில்லை. "வாங்கிக்கினு போய் இன்னா சார் பண்ணுவான்?"

"வேற பாய்லர்ல மாட்டுவான்."

"அங்கயும் நாலு பேரு வேல செய்வாங்கல்ல?"

சார் வால்வை எடுத்துக் கொடுத்தார். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே இருக்கும், அப்படியே அறுத்தால் எகிறி ஆளை அடித்துவிடும். அதனால் மேல் திருகை முழுக்கத் தளர்த்தி, ஸ்பிரிங்கைத் தனியே எடுத்து, மிச்சத்தை நடுவில் இரண்டாக அறுத்தோம். அதன் பிறகுதான் அது காயலான் கடைக்குப் போனது. அறுத்து முடிக்கும்வரை அக்கா இடத்தை விட்டு நகரவில்லை.

அப்புறம் இரண்டு வாரம் எல்லோருக்கும் ஆறிப்போன சோறு. "சூட்டத் தூக்கிக்கினு போன இன்ஜினியரம்மா வருது" என்று ஒரே கிண்டல். அதற்கும் அக்காதான் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, சாப்பாடு சூடு பண்ணும் கரண்ட் அலமாரி ஒன்றை வரவழைத்தார்.

இப்போது நான் திருவள்ளூர் பக்கம் வேறு கம்பெனியில் சேஃப்டி பார்க்கிறேன். எந்தப் பாய்லர் ரூமுக்குப் போனாலும் முதலில் பைப் எங்கே முடிகிறது என்றுதான் கண் தேடும்.

போன மாதம் அக்காவிடமிருந்து போன்.

"ம்மா, கூரை மேல பைப்ல லேசா ஆவி வந்துச்சு. சூப்பர்வைசர் நாளைக்கிப் பாக்கலாம்னாரு. நாங்க அத்தினி பேரும் வெளிய வந்து குந்திக்கினோம். பாய்லர நிறுத்திட்டாங்க."

"நான் வரட்டுமாக்கா?"

"நீ எதுக்கு? பாய்லர் ஆறிப் பூட்ச்சி, ஆளு வந்து வால்வக் கயட்டிக்கினு கீறாரு. உன்னாண்ட சொல்லணும்னு தோணிச்சி, அவ்ளோதான்."

அன்று விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான், மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. இன்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவர்கூட நாளை வரைக்கும் பொறுக்கவில்லை.