ஒரு மணி நேர விமானம்

புதுத்துணி வந்தால் தையல்காரி எடுத்த எடுப்பில் கத்தரியை வைக்க மாட்டாள். துண்டுத்துணியில் நாலு தையல் ஓட்டி, நூல் இழுக்கிறதா, துணி சுருங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் முழுத்துணியில் கை வைப்பாள். பதினெட்டு வருடத்தில் அவள் கையில் ஒரு துணியும் பாழானதில்லை. அந்தத் தைரியத்தில்தான் விமானப் பயணத்தையும் ஒத்திகை பார்த்தாள்.

கணவன் வேலைக்கு வெளிநாடு போய் மூன்று வருடம். மகளுக்கு எட்டு வயது, ஆட்டிசம். பேச்சு குறைவு, ஒழுங்கு அதிகம். செருப்பு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் சரிசெய்யாமல் விடமாட்டாள் என்பதால் தாய்மாமன் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தான். பயணமோ பதினான்கு மணி நேரம். அதை மகளால் தாங்க முடியாவிட்டால் கணவன் அங்கே, இவர்கள் இங்கே என்றே காலம் ஓடிவிடும்.

ஆகவே தையல் அறையில் நாற்காலிகள் வரிசைகட்டின. பழைய பையின் வாரை வெட்டி இடுப்புப் பட்டை தைத்தாள். விமானி, பணிப்பெண், பக்கத்து சீட்டுக்காரர் எல்லாம் தம்பிதான்.

"அக்கா, சம்பளமே இல்லாம மூணு உத்தியோகம் பாக்குறேன்."

"பணிப்பெண் இவ்வளவு பேச மாட்டா. ஜூஸைக் குடு."

டிக்கெட், பட்டை, படம் வரைதல், ஜூஸ், கழிப்பறை. செல்போனில் அலாரம் அடித்ததும் "இறங்கியாச்சு!" தினமும் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் இரண்டு தடவை என்று இரண்டு மாதம் பறந்தார்கள். கணவன் வீடியோ அழைப்பில் பார்த்துச் சிரிப்பான். தம்பி ஜூஸை மறந்த அன்று மேஸ்திரி அவன் கையைப் பிடித்து சமையலறைக்கே இழுத்துப் போனாள்.

நிஜ விமானத்திலும் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. சரியாக ஒரு மணி நேரம் வரைக்கும். மேஸ்திரி பட்டையைக் கழற்றி, "இறங்கியாச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள்.

அம்மா மறித்ததும் அலறினாள். தரையில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பிள்ளைய அடக்கத் தெரியாதா?" என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர். பணிப்பெண் ஓடி வந்தாள்.

தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை மீது ஒரு பிழையும் இல்லை. விமானம் என்றால் ஒரு மணி நேரம் என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தான். துண்டுத்துணியைக் காட்டி, முழுத்துணியும் இவ்வளவுதான் என்று நம்பவைத்துவிட்டாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணுங்கம்மா. இவளை இறக்கி விடணும்."

"இங்கயா?" பணிப்பெண் ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தாள்.

"பின்னாடி திரை வரைக்கும் போதும். இறங்கியாச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் டிக்கெட் கேளுங்க."

அழுகை அடங்கி மேஸ்திரி திரைவரை நடக்கக் கால்மணி நேரம் பிடித்தது. "இறங்கியாச்சு!" என்றாள் பணிப்பெண், கொஞ்சம் வெட்கத்தோடு. மேஸ்திரி திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு பணிப்பெண் கையை நீட்டி, "டிக்கெட்?" என்றதும் கொடுத்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்து பட்டையை மாட்டினாள்.

அப்படியே மறுபடி, மறுபடி, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் செல்போனில் அலாரம் வைத்து. நடுவில் மூன்று மணி நேரம் அவள் தூங்கியது பெரிய புண்ணியம்.

"இது எத்தனாவது பிளேன்?" என்று கேட்டார் பெரியவர். இப்போது கலர் பென்சில் டப்பா அவர் மடியில் இருந்தது.

"ஆறாவதுங்க."

"அடுத்த தடவை என்னையும் இறக்கி விடுங்க. கால் மரத்துப்போச்சு."

கடைசி விமானம் பாதியில் இருக்கும்போதே நிஜ விமானம் தரையைத் தொட்டது. எல்லோரும் எழுந்து பைகளை இறக்கினார்கள். பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார். மேஸ்திரி மட்டும் அசையவில்லை; படம் வரைந்துகொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுவாளா? தையல்காரி இழுத்துப் பார்க்கவில்லை. அலாரத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"துப்புரவு ஆளுங்க வந்துடுவாங்க," என்றாள் பணிப்பெண். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "வரட்டும். நான் பேசிக்கிறேன்."

செல்போன் ஒலித்தது.

"பிளேன் இறங்கிடுச்சுன்னு போர்டுல போட்டிருக்கு," என்றான் கணவன். "எங்க இருக்கீங்க? பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லா இருக்கா. நாங்க இன்னும் பறந்துகிட்டுதாங்க இருக்கோம். ஜூஸ் கூட வரல."

"சரி, மெதுவாவே வாங்க," என்றான் அவன்.

பணிப்பெண் ஜூஸ் எடுக்கப் போனாள்.