மறுபடியும் என் அடுப்பு எரிகிறது

ஆண்டவருக்குள் அன்பான உங்கள் எல்லாருக்கும் தாராவியில் இட்லி அவித்து விற்கும் ஜெயராணி எழுதுகிறேன்.

போன வருஷம் கோடை முடிகிற சமயத்தில் எங்கள் சந்தில் ஒரு சிலிண்டர் வெடித்தது. நான் உள்ளே இருந்தேன். வெளியே வந்தேன். வலது கையில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். அந்தத் தீயைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுத மாட்டேன். ஆண்டவர் செய்ததைச் சாட்சியாக எழுத வந்தவள் முக்கியமானதையே விட்டுவிட்டாளே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

தப்பித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அடுப்புப் பக்கம் போக முடியவில்லை. கல்யாணமாகி பம்பாய் வந்த நாளிலிருந்து விடியும் முன்னே அடுப்பு பற்றவைத்தவள் நான். இப்போது லைட்டர் 'டக்' என்றால் காது அடைக்கும், கை மரத்துப்போகும். பிறகு பார்த்தால் சந்து முனையில் நிற்பேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. அதனால் மாவரைப்பது நான், அவிப்பது என் வீட்டுக்காரர் என்று ஆனது. நல்ல மனுஷர். ஆனால் அவர் அவித்த இட்லியை எறிந்தால் காக்கா செத்துவிடும். சைக்கிளில் கொண்டுபோனதில் பாதி திரும்பி வந்தது. கடைசியில் ஒருநாள், "மழை முடியட்டும், இத விட்டுட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்" என்றார். என் கையால் உண்டாக்கிய தொழில் அது. அன்றைக்கு நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இதற்கு நடுவில் சாட்சிக் கூட்டங்கள். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் கூப்பிட்டார்கள். தாராவியில் சொன்னேன். தேவ்நாரில் சொன்னேன். கோபர்கைரனேயில் ஒரு புதுவீட்டு ஜெபத்தில் சொன்னேன். எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் கிரேஸ் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, "அந்தக் கதவு விஷயத்த விட்டுட்டியே பிள்ள, சொல்லு" என்று எடுத்துக்கொடுப்பார். போகப் போக, நான் பார்க்காத ஒரு தேவதூதனும் அதில் வந்து சேர்ந்துகொண்டான். ஜனங்கள் அல்லேலூயா சொல்லும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிப்பார்கள், நான் மட்டும் அந்தப் புகைக்குள்ளேயே இருப்பேன்.

நான் பெரிதாக ஒன்றும் ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, நாளைக்கு இந்த அடுப்ப நா பத்தவைக்கணும்" என்று மட்டும் கேட்டேன். மறுநாளும் வீட்டுக்காரரே பற்றவைத்தார். அடுத்த நாளும் அவரே. ஒரு கட்டத்தில் சண்டையே போட்டேன். "தீயிலயிருந்து வெளிய கொண்டுவந்தீரே, ஒரு அடுப்புக்கிட்ட கொண்டுபோக உமக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டேன். பதில் என் மகள் வாயில் வந்தது.

ஜெபா கல்லூரியில் படிக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. மாட்டுங்காவில் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கவுன்சிலர் இருப்பதாக அவளுடைய டீச்சர் சொல்லியிருக்கிறார்.

"மம்மி, ஏக் பார் சலோ நா, ஒரே ஒரு தடவ வா. பக்கத்துல கிங்ஸ் சர்க்கிள்லதான். புடிக்கலன்னா பாதியில எந்திச்சு வந்துருவோம்."

"எனக்கென்ன பைத்தியமாட்டி?"

"இல்ல. ஆனா அப்பா இட்லிய இன்னும் ஒரு மாசம் தின்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

போனேன். மீரா மேடம் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும், ஆபீஸ்காரக் குடும்பம். அறை வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது. மூலையில் சாமி படம், அதன் முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேடம் என் கண் போன இடத்தைப் பார்த்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை.

"அதை அமர்த்திடட்டுமா? இல்லே, நாம பால்கனியில உக்காந்துக்கலாமா? உங்களுக்கு எது சௌகரியமோ சொல்லுங்கோ."

தீக்குப் பிறகு என்னிடம் சௌகரியம் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் விளக்கைக் கை காட்டினேன். அவர் வாயால் ஊதவில்லை. படத்தின் முன்னாலிருந்த ஒரு பூவை எடுத்துத் திரியை அமர்த்தினார். ஜன்னலைத் திறந்தார். புகை போகும்வரை இரண்டு பேரும் பால்கனியில் நின்று பஸ் போவதைப் பார்த்தோம். பிறகு எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்டார். கதவோரத்தில் இருந்ததைச் சொன்னேன். கதவு திறந்தே இருந்தது.

உட்கார்ந்ததும் நான் பழக்க தோஷத்தில் சாட்சியை ஆரம்பித்துவிட்டேன். அல்லேலூயா வருகிற இடத்தில் நிறுத்திக்கூட விட்டேன். அல்லேலூயா வரவில்லை.

"ஜெயராணி, இதை இப்போ சொல்லியே ஆகணும்னு இல்லை" என்றார். "சொல்லத் தோணினா கேக்கறேன். சொல்லலேன்னாலும் உங்களுக்கு சரியாகும்."

"அப்ப என்ன பேச?"

"இட்லிக்கு எப்படி அரைப்பேள்?"

அன்றைக்கு முழுக்க உளுந்தைப் பற்றியே பேசினேன். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

வாராவாரம் போனேன். ஒருநாள், என் வலது கையை நானே விசுவாசமில்லாத கை என்று திட்டுவதைச் சொன்னேன். மேடத்துக்கு முகம் வாடிவிட்டது. "அந்தக் கை உங்களைக் காப்பாத்தின கை. ஆபத்து முடிஞ்சுடுத்துன்னு அதுக்கு இன்னும் தெரியலை, அவ்வளவுதான். மெதுவா தெரியப்படுத்தலாம். திட்டாதேங்கோ" என்றார். பயம் வரும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படுகிற பொருளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லச் சொன்னார். மாவரைக்கும்போது முணுமுணுக்கிற கீர்த்தனையைக் கேட்டுவிட்டு, அதையே பாடச் சொன்னார். கைக்குப் பழகட்டும் என்று லைட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். மேடம் ஒருநாள்கூட அவசரப்படுத்தவில்லை.

ஒருமுறை சீக்கிரமே போய்விட்டேன். மேடம் விளக்கின் முன்னால் நின்றிருந்தார், கையில் பூ. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு வாரமும் நான் வருகிற நேரத்துக்கு முன்னால் தன் சாமி விளக்கை அமர்த்தியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை.

"இருக்கட்டும் மேடம். அமர்த்தாதீங்க."

"நிச்சயமாவா? நடுவுல வேண்டாம்னு தோணினா உடனே சொல்லுங்கோ."

அன்றைக்கு அந்த விளக்கு எரிந்தது. கை நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன். பாதத்தை அழுத்திக்கொண்டு என் கீர்த்தனையைப் பாடினேன். அவர் சாமியின் விளக்கு, என் ஆண்டவரின் பாட்டு. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று அந்த நாற்காலியில்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு சில வாரம் கழித்து ஒரு விடியற்காலையில், வீட்டுக்காரரை வெளியே நிற்கச் சொன்னேன். கதவைத் திறந்துவைத்தேன். லைட்டரை அழுத்தினேன். முதல் தடவை பற்றவில்லை. வெளியிலிருந்து, "கேஸ் தீந்துட்டோ?" என்று குரல். "சும்மா இருங்க, இட்லிக் கொப்பரைய எடுத்துட்டு வாங்க" என்றேன். அடுத்த தடவை பற்றிக்கொண்டது. கொப்பரையோடு உள்ளே வந்த மனுஷர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அழுதுவிட்டார். அன்றைக்கு ஒரு இட்லி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வாட்ச்மேன் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

கிரேஸ் அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அவிய ரூம்ல விக்கிரக விளக்கு எரியுதாமே? அங்கயா போய் சுகம் தேடின?" என்று கேட்டார். "அந்த விளக்க எனக்காக அமர்த்துனவிய அக்கா அவிய" என்றேன்.

போன மாதம் சபையில் ஸ்தோத்திர ஆராதனை. சாட்சி சொல்ல பாஸ்டர் ஐயா என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து போனேன்.

"தீயப் பத்தி நா சொல்லப் போறதில்ல ஐயா. அதச் சொல்லணும்னு ஆண்டவர் எங்கிட்ட கேக்கல" என்றேன்.

ஜெபாவும் அவளுடைய அப்பாவும் இரண்டு பெரிய டப்பாக்களைத் தூக்கிவந்து வைத்தார்கள். மூடியைத் திறந்தேன், ஆவி பறந்தது.

"இது இன்னிக்கு நா பத்தவச்ச அடுப்புல வெந்தது. ஆறுமுன்னால சாப்பிடுங்க."

பெருமை கூடாது என்பார்கள். ஆனால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நடுங்கிய இந்தக் கையை நினைத்துப் பெருமை, விடாமல் இழுத்துக்கொண்டுபோன என் மகளை நினைத்துப் பெருமை. ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் கதவு சத்தத்துக்கு நடுங்கினால், தூங்காமல் கிடந்தால், அவரை விசுவாசம் இல்லாதவர் என்று சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று குடையாதீர்கள். அவருக்கு என்ன சௌகரியம் என்று கேளுங்கள். ஜெபம் பண்ணுங்கள், இப்படிப் பக்குவம் தெரிந்த ஒருவரிடம் கூட்டிக்கொண்டும் போங்கள். என் ஜெபத்தைக் கேட்ட ஆண்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.

ஆராதனை அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் கிரேஸ் அக்கா கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பிள்ள, அந்த மேடம் எந்தக் கிழமை இருப்பாவ?" என்று மெல்லக் கேட்டார்.

கிழமையைச் சொன்னேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. "நானும் கூட வாரேன் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.