உந்தப் பக்கத்து யன்னல்

வீட்டுக்காரர் சொன்னதை ஒரு சொல்லும் மாறாமல் சுவர் கட்டும் மேசனிடம் சேர்ப்பவன் என்று எனக்குப் பெருமையும் கெப்பருமாக இருந்தது. கொந்தராத்து எடுத்து வீடு கட்டிக்கொண்டிருந்த காலம்.

உடுவிலில் தையல்காரி மலருக்கு ஓர் அறை கட்டினேன். மின்சாரம் இல்லாத வருடங்கள். யன்னல் வெளிச்சத்தில்தான் அவர் தைக்க வேண்டும். அத்திவாரத்துக்குக் கிழக்கே நான் நின்றேன். எதிரே நின்ற மலர், "யன்னலை உந்தப் பக்கம் வையுங்கோ அண்ணை" என்றார். எங்கள் பேச்சில் 'உந்த' என்றால் கேட்பவர் நிற்கும் பக்கம்.

மறுநாள் மலர் நின்ற இடத்தில் மேசன் இராசன் நின்றான். நான் பழைய இடத்திலேயே நின்று, "யன்னல் உந்தப் பக்கம்" என்றேன்.

சுவர் எழும்பியதும் மலர் வந்து பார்த்தார். யன்னல் மேற்கே, பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தபடி இருந்தது.

"நான் உந்தப் பக்கம் எண்டெல்லோ சொன்னனான்?"

"எனக்கும் அண்ணை உந்தப் பக்கம் எண்டுதானே சொன்னவர்!" என்றான் இராசன்.

சீமெந்து கிடைக்காத நேரம். என் வீட்டில் சமைக்கிற குசினிக்குத் தரை போடவென்று இரண்டு பை பத்திரமாக வைத்திருந்தேன்.

"பிழை என்ரைதான். என்ரை சீமெந்திலை திருத்தித் தாறன்."

மலர் தையல் சோக்கட்டியை எடுத்துக் கிழக்குச் சுவரில் பெரிதாக ஒரு குறி போட்டார். "வாய்ச்சொல்லை நம்பி நான் துணி வெட்டுறேல்லை அண்ணை."

அன்றுமுதல் வேலை தொடங்குமுன் வீட்டுக்காரர் கையில் சோக்கட்டியைக் கொடுத்து, மேசனையும் அருகே நிறுத்திவிடுவேன். பிறகு ஒரு சுவரையும் நான் உடைத்ததில்லை.

எங்கள் குசினிதான் நெடுநாள் குழி விழுந்த மண்தரையாகக் கிடந்தது. "உந்தப் பக்கம் பாத்து நடவுங்கோ" என்பாள் மனைவி. எந்தப் பக்கம் என்று எனக்கு நன்றாகவே விளங்கும்.