சிரிக்காத கவசன்

'கவசன்' படத்தின் இரண்டாம் பாகம் கள்ளக்குறிச்சிக்கு வந்த வெள்ளிக்கிழமை, தியேட்டர் கேன்டீனில் வேலை பார்க்கும் சந்தியா வழக்கத்தைவிடக் கூடுதலாக பப்ஸும் கூல்டிரிங்ஸும் இறக்கி வைத்தாள். முதல் பாகம் ஓடியபோது ஜனங்கள் சிரித்துச் சிரித்துத் தொண்டை வறண்டுதான் இடைவேளைக்கு வெளியே வந்தார்கள். கவசன் வானத்தில் பறக்கிறவன்; பறக்கிறபோதும் வாய் ஓயாது. வில்லனை அடிப்பதற்கு முன்னால் ஒரு நக்கல், அடித்து முடித்ததும் இன்னொன்று. கட்டடம் இடிந்து தலையில் விழுந்துகொண்டிருக்கும்போதும் ஒரு கிண்டல்.

ஆனால் சந்தியா இந்தப் படத்துக்காகக் காத்திருந்ததற்கு வியாபாரம் மட்டும் காரணமில்லை. அவள் புருஷன் தமிழழகனும் காரணம்.

தமிழழகன் கச்சிராயபாளையம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவளுக்குச் சொந்த மாமன் மகன், ஒன்றாக விளையாடி வளர்ந்தவன் என்பதால் 'மாமா' என்று கூப்பிட்டாலும் பேச்சு நீ, வா, போ என்றுதான் இருக்கும். கவசனின் குரல் அவனுக்கு அச்சு அசலாக வரும். வேகத்தடை வந்தால், "மானிடர்களே, எதிரே ஒரு மலை தெரிகிறது, இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கவசனாகவே அறிவிப்பான். டவுன் பஸ் பாதி காலியாகப் போனாலும், அதை விட்டுவிட்டு இவன் வண்டிக்காக நிற்பவர்கள் இருந்தார்கள். 'கவசன் ஆட்டோ' என்றே பேராகிவிட்டது.

அதெல்லாம் போன வருஷம் மாசி மாதம் வரைக்கும்தான். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அவன் அண்ணன் செல்லமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தமிழழகன் தன் ஆட்டோவிலேயே அவரை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. காரியம் முடிந்த கையோடு வண்டியை எடுத்துவிட்டான். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை. பேச்சுதான் நின்றுபோனது. கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான். யாராவது கவசன் குரலில் பேசச் சொன்னால், தொண்டை சரியில்லை என்பான்.

அண்ணன் செத்த துக்கம், நாள் போனால் ஆறிவிடும் என்றுதான் சந்தியா நினைத்தாள். ஆறவில்லை. பள்ளிக்கூடம் போகும் மகள் சுபஸ்ரீ அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். சந்தியா மட்டும் விடவில்லை. சோறு போடும்போதும், துணி மடிக்கும்போதும், எதையாவது பேசேன் மாமா என்று நச்சரித்தாள். சில நாள் கோபமாகவே கேட்டாள். அவனுக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டு கிடக்கும் பழைய ஆளை இந்த இரண்டாம் பாகம் வெளியே இழுத்து வந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

அந்த வெள்ளிக்கிழமை இடைவேளை விட்டதும் கதவைத் திறந்துகொண்டு வந்த கூட்டத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் இல்லை. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கவசனின் கூட்டாளி மலையிலிருந்து விழுந்துவிடுகிறானாம். கவசன் பறந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவன் பறக்கிறான், சண்டை போடுகிறான், வாயை மட்டும் திறப்பதில்லை. காசு கொடுத்துச் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது என்றார் உரக்கடைக்காரர் ஒருவர். சண்டையெல்லாம் முன்னதைவிட ஜாஸ்தி, அது போதும் என்றான் ஒரு கல்லூரி மாணவன். அவன் கூட வந்தவனோ, இதை எடுத்தது வேறு டைரக்டர் என்று அடித்துச் சொன்னான். போஸ்டரில் அதே பேர்தான் இருந்தது, காட்டியும் நம்பவில்லை. சின்னசேலத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பப்ஸ் வாங்கினாள். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

சந்தியாவுக்கு உரக்கடைக்காரர் சொன்னதுதான் சரியென்று பட்டது. நல்ல படத்தை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று மேனேஜர் தெய்வசிகாமணியிடம் புலம்பினாள். கூட்டம் இப்படியே இருந்தால் வியாழக்கிழமையோடு தூக்கிவிட வேண்டியதுதான் என்றார் அவர். தூக்கட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் தமிழழகனே தியேட்டருக்கு வந்து நின்றான். பஸ் ஸ்டாண்டில் ஆள் இறக்கிவிட்டு அப்படியே வந்திருந்தான்.

"டிக்கெட் கெடைக்குமா?" என்றான்.

"வேணாம் மாமா. முன்ன மாதிரி இல்லியாம். ஒரே அழுகையாம்."

"யாரு சொன்னா?"

"பாத்தவங்க எல்லாந்தான்."

அவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். இடைவேளையில் வெளியே வரவேயில்லை. மனசு கேட்காமல், கூட்டம் திரும்ப உள்ளே போனதும் சந்தியா கேன்டீன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய், கடைசி வரிசைக்குப் பின்னால் கதவோரம் நின்றாள்.

திரையில் கவசன், செத்துப்போன கூட்டாளியின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். கூட்டாளியின் அம்மா உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவன் குடிக்கவில்லை. எழுந்து போகவுமில்லை. பாட்டு இல்லை, பின்னணி இசைகூட இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஜனங்கள் விசிலடிக்கத் தொடங்கினார்கள். நடுவரிசையிலிருந்து ஒருவன், "டேய், எதனா பேசுடா" என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. அந்தப் படத்துக்கு அன்று விழுந்த ஒரே சிரிப்பு அதுதான்.

சந்தியா தன் புருஷனைத் தேடினாள். ஓரத்து இருக்கையில், முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். சிரிக்கிறவர்களை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் இருக்கிறவனை விட்டு அவன் கண் நகரவேயில்லை, ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரனைப் பார்த்துவிட்ட மாதிரி. எதனா பேசுடா. ஒரு வருஷமாக வீட்டில் அதையேதானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சந்தியாவுக்கு உறைத்தது.

படம் முடிந்து வெளியே வந்தவர்களிடம், யூடியூப் சேனல் நடத்தும் ஆகாஷ் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தமிழழகனைப் பார்த்ததும் அவனுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. கவசன் ஆட்டோ அண்ணன் வந்திருக்கிறார் என்று கேமராவுக்குச் சொல்லி, ஒரே ஒரு வசனம் அந்தக் குரலில் பேசச் சொன்னான். தமிழழகன் தலையாட்டி மறுத்தான்.

"சரிண்ணே, படமாவது எப்டின்னு சொல்லுங்க."

"நல்லா கீது."

"காமெடியே இல்லன்றாங்களே எல்லாரும்?"

தமிழழகன் கொஞ்சம் யோசித்தான். "அவனுக்கு வந்தாத்தானே தம்பி சிரிப்பான்? நமக்கு வோணும்னு எப்டி சிரிப்பான்?"

ஆகாஷ் இன்னும் ஏதாவது வருமென்று மைக்கை நீட்டியபடியே நின்றான். தமிழழகன் வண்டிப்பக்கம் போய்விட்டான்.

வீடியோ அன்று மாலையே வந்தது. கீழே சிலர் கேலி செய்திருந்தார்கள், சிலர் திட்டியிருந்தார்கள். அண்ணன் சொல்வது சரி என்று எழுதியவர்களும் இருந்தார்கள். சந்தியா எல்லாவற்றையும் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்குச் சோறு போடும்போது அவனை எதுவும் பேசச் சொல்லவில்லை. குழம்பு போதுமா என்று கேட்டதோடு சரி. அவன் நிமிர்ந்து அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான்.

தெய்வசிகாமணி சொன்னபடியே வியாழக்கிழமையோடு படம் போய்விட்டது. அடுத்த புதன்கிழமை சந்தியாவுக்கு லீவு. காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த தமிழழகன், மலைமேல் இருக்கும் கரியாலூர் வரைக்கும் போய்வரலாமா என்று அவனாகவே கேட்டான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மலையடிவாரத்து அணையைத் தாண்டி, மலை ரோட்டில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. ஒரு வளைவில் அவன் திரும்பாமலேயே பேச ஆரம்பித்தான்.

"அண்ணன் அன்னிக்கி இந்த சீட்லதான் படுத்துக்கினு வந்தாரு. டேய், கவசன் மாதிரி பேசுடான்னாரு. வலி தெரியாம இருக்கட்டுமேன்னு வழி முச்சூடும் பேசிக்கினே போனேன். மொதல்ல சிரிச்சாரு, கேட்டுது. அப்பால வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நான் நிறுத்தல, பேசிக்கினே இருந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கித் திரும்பிப் பாத்தா..." நிறுத்தி, கியரை மாற்றினான். "எதுவரைக்கும் கேட்டாரு, எதுக்கப்பறம் கேக்கலன்னே தெரியல சந்தியா."

அவள் உட்கார்ந்திருந்தது அந்த சீட்டில்தான். நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை. உள்ளங்கையை சீட்டின் மேல் பரப்பி வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல நல்லா சிரிச்சாரா, மாமா?"

"சிரிச்சாரு. அவரு சிரிப்புதான் தெரியுமே உனுக்கு. இருமல்ல போயி முடியும்."

"ஆமா. பொங்கலன்னிக்கி அப்டி இருமித்தான் கரும்பு தொண்டையில மாட்டிக்கிச்சு."

"அது பொங்கல் இல்ல, உன் தம்பி கல்யாணத்துல. கரும்பும் இல்ல, அப்பளம்."

கரியாலூர் வரைக்கும் அவன் அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து அணையில் மீன் பிடித்தது, அடி வாங்கியது, ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது. இடையில் ஒரு முறை வண்டியை ஓரங்கட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் பின்னாலிருந்து அவன் தோளில் கை வைத்தாள்.

கவசன் குரல் அதற்கப்புறமும் வரவில்லை. வேடிக்கைப் பேச்சுக்காக ஏறியவர்கள் வேறு ஆட்டோ பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் மட்டும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். அநேகமாக அண்ணனைப் பற்றி, சில நாள் மழையைப் பற்றி, சில நாள் சுபஸ்ரீயின் பரீட்சையைப் பற்றி. அவன் பேசாத நாட்களில் சந்தியா பேசினாள். அன்று கேன்டீனுக்கு யார் யார் வந்தார்கள், எந்தப் படத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான்.